புதுப்பேட்டை டு பெருங்களத்தூர்: ஒரு ஹெரால்ட் காரின் ஸ்டியரிங் கதை!

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே கூவத்தை நோக்கி நடந்தால், ஆறு வருவதற்கு முன்பே புதுப்பேட்டை வந்துவிடும். கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். பழைய கிரீஸும் டீசலும் வெல்டிங் புகையும் கலந்த ஒரு வாசனை. கடை வாசல்களில் கொக்கி போட்டு ஸ்டியரிங் வீல்களை மாட்டியிருக்கிறார்கள், வளையல் கடையில் வளையல் தொங்குவது போல. ஒரு கடையில் கதவுகள் மட்டும். அடுத்ததில் சைலென்ஸர் மட்டும். அதற்கும் அடுத்ததில், உலகத்தில் ஓடிய அத்தனை கார்களின் ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்த்து முழிக்கும்.

2006-ல் செல்வராகவன் இயக்கத்தில் தனுஷ் நடித்த படம் வந்த பிறகு, ஊர் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு அரிவாள்தான் ஞாபகம் வருகிறது. சென்னைக்காரர்களுக்கோ வேறொரு பழைய ஜோக். ராத்திரி தொலைந்த வண்டியைக் காலையில் புதுப்பேட்டையில் தேடினால் பார்ட் பார்ட்டாகக் கிடைக்குமாம். இங்கே 30, 40 வருடம் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இந்த ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. கோமளீஸ்வரர் கோயில் மணிச் சத்தமும், மசூதியின் பாங்கும், நடுவில் விடாமல் கேட்கும் சுத்தியல் சத்தமும்தான் நிஜப் புதுப்பேட்டை. ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்தே எந்த பாகம் எந்த வண்டிக்குச் சேரும் என்று படித்துக்கொண்ட ஊர் இது. அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது.

இந்த ஊருக்கு ஒரு சனிக்கிழமை காலை, கையில் கோணிப்பையுடன் வந்து சேர்ந்தார் அயனாவரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். வயது 72. பைக்குள் இருந்தது முறிந்துபோன ஓர் இரும்புத் தண்டு. அவருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் இடது முன்சக்கரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

ஹெரால்டைப் பற்றித் தெரியாத தலைமுறைக்காக ஒரு நிமிடம். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. அப்போது அந்த கம்பெனிக்கு முழு பாடியையும் ஒன்றாகச் செய்துதர ஆலை கிடைக்கவில்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, கீழே தனியாக இருக்கும் சேஸிஸ் மீது போல்ட் போட்டு இணைக்கும்படி அமைத்தார்கள். அது இந்தியாவுக்கு அதிர்ஷ்டமாகப் போனது. பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கேயே பூட்டலாம் அல்லவா? 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த தன் தொழிற்சாலையில், 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாசடர் என்றால், மெட்ராஸுக்கு ஹெரால்ட். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு ஓடிய வண்டிக்கு, குடும்பத்தோடு போகிற நம் ஊர் வழக்கத்துக்காகப் பின்னால் நான்கு கதவு வைத்தவர்களும் இவர்கள்தான்.

அந்தக் காருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, பானெட். மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இரண்டாவது, திரும்பும் வட்டம். சுமார் 25 அடி அகலம் இருந்தால் போதும், ஒரே வீச்சில் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்குச் சமம் என்று அப்போதே பேசப்பட்டது. இன்றைய குட்டி கார்களுக்கே 30 அடி வேண்டும். மயிலாப்பூர் மாடவீதி சந்துகளில் ஹெரால்ட் ஓட்டியவர்கள் இதைச் சொல்லும்போது இப்போதும் கையை ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார்கள்.

அவ்வளவு திரும்புகிற சக்கரத்துக்கு ஒரு விலை உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் எதன் மேல் திரும்புகிறது? ஹெரால்டில் மேலே ஒரு பால் ஜாயின்ட். கீழே ஒரு வெண்கலக் கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்கு டிரன்னியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனையில் ஸ்க்ரூ போல மரை வெட்டியிருப்பார்கள். அது கிண்ணத்துக்குள் திருகி நிற்கும். ஒவ்வொரு முறை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அந்தத் தண்டு மரைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். எளிமையான, கெட்டியான அமைப்பு. டிரையம்ஃபின் இந்த முன்பக்கத் தண்டுகளையும் ஸ்டியரிங்கையும் அந்தக் காலத்தில் பந்தயக் கார் செய்கிறவர்களே வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. அதற்கு கிரீஸ் போடக் கூடாது. கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற 90-ம் நம்பர் எண்ணெய்தான் போட வேண்டும். கிரீஸ் நாளடைவில் காய்ந்து கட்டியாகிவிடும். மரைக்குள் போகாது. உள்ளே தண்ணீர் சேரும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது, இரும்புத் தண்டு துருப்பிடித்து, மரையின் அடிப்பள்ளத்தில் மயிரிழைபோல விரிசல் விழும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் கிரீஸ் அடித்துப் பழகிய நம் ஊர் கைகள், ஹெரால்டுக்கும் பாசமாக கிரீஸே அடித்தன. பாதி ஹெரால்டுகளை முடக்கியது பகை இல்லை, இந்தப் பாசம்தான்.

அயனாவரம் காருக்கு நடந்ததும் அதுவே. தெருமுனையில், நடக்கிற வேகத்தில், முழு ஸ்டியரிங்கையும் வளைத்துத் திரும்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் காலொடிந்த கோழிபோல உள்ளே மடிந்தது. பானெட்டின் ஒரு பக்கம் சாலையைத் தொட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அவருடைய மனைவி நிதானமாக இறங்கினார். கேட்டது ஒரே கேள்வி.

"முந்தாநாள் காஞ்சிபுரம் போயிட்டு வந்தோமே... அப்ப இது ஒடஞ்சிருந்தா?"

பதில் சொல்ல ஒன்றுமில்லை. அன்று போகும்போதும் வரும்போதும் வேகம் 70-ஐத் தொட்டிருந்தது. பின் இருக்கையில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க அப்பா வாங்குன வண்டின்னு வெச்சுக்கங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா இனிமே நான் பஸ்லயே வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு மாதம் கார் கல்லின் மேல் நின்றது. இதற்கிடையே பதிவுச் சான்றிதழும் காலாவதியாக இருந்தது. 15 வருடம் தாண்டிய சொந்தக் கார்களுக்கு ஒவ்வொரு 5 வருடமும் புதுப்பிக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் சக்கரத்தை ஆட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். கோணிப்பையோடு புதுப்பேட்டைக்கு வந்ததற்கு அது ஒரு காரணம். பெரிய காரணம் அதுவல்ல என்று அவருக்கே தெரியும்.

சந்துக்குள் நான்காவது பட்டறையில் இருக்கும் மெக்கானிக்கை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 60-ஐத் தாண்டியவர். முறிந்த தண்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முறிந்த இடத்தை வெயிலில் காட்டினார்.

"பாத்தீங்களா சார்? கருப்பா இருக்கறது பழைய ஒடைசல். பளபளன்னு இருக்கே, இந்தத் துளி எடம், அதுதான் அன்னிக்கு ஒடஞ்சது. இவ்ளோ நாளா இந்தக் கால்வாசி இரும்புலதான் ஓட்டிருக்கீங்க."

அடுத்த இரண்டு மணி நேரம் சந்து சந்தாக அலைச்சல். இந்தத் தண்டுகள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. ஹெரால்டோடு பிறந்த ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களுக்கும் இதே குடும்பத்துப் பாகங்கள்தான் என்பதால் அங்கே தயாரிப்பு நிற்கவில்லை. ஆனால் வந்து சேர வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும். முதலில் இங்கே பார்க்கலாம் என்றார் பாய். ஒரு கடையில் "ஹெரால்டா? அந்த வண்டியே இப்ப எங்க சார் இருக்கு" என்று சிரித்தார்கள். இன்னொரு கடையில் மாடிப்படிக்குக் கீழே இருந்து, ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார்கள். அதில் மூன்று தண்டுகள். ஒன்று வலதுபக்கத்துடையது. இடமும் வலமும் மரை எதிரெதிராக ஓடும், மாற்றிப் போட முடியாது. மீதி இரண்டில் ஒன்றைப் பாய் கையில் எடுத்ததுமே கீழே போட்டுவிட்டார். கடைசியில் இருந்ததற்குக் கடைக்காரர் ஒரு விலை சொன்னார். பாய் பாதியைச் சொன்னார். நடுவில் டீ வந்தது. முக்கால்வாசியில் முடிந்தது.

அதை அப்படியே பொருத்திவிடவில்லை. பட்டறையில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, தண்டை ஒரு ராத்திரி முழுக்க ஊற வைத்தார்கள். மறுநாள் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசினார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் போயிருக்கும் மண்ணெண்ணெய் மெதுவாகக் கசிந்து, வெள்ளைப் பொடியில் இருண்ட கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் இந்த வித்தைக்கு ஆகும் செலவு ஒரு டீ காசு. அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பொடி வெள்ளையாகவே இருந்தது. கார் உரிமையாளர் அந்த அரை மணி நேரமும் அந்தத் தண்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

இதற்குள் ஸ்டியரிங் பெட்டியும் மேசைக்கு வந்துவிட்டது. முன்பக்கம் ஒரு வேலைக்குத் திறந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது பாயின் வழக்கம். ஹெரால்டில் இருப்பது ராக் அண்ட் பினியன். ஸ்டியரிங் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம், அது ஒரு நீளமான பல்வரிசைக் கம்பியை இடவலமாகத் தள்ளும். அவ்வளவுதான். இன்றைய கார்களிலும் அடிப்படை இதுவே, கூட ஒரு மோட்டார் உதவிக்கு நிற்கும். பழைய ராக்கில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது. நாம் பெரும்பாலும் நேராகத்தானே ஓட்டுகிறோம்? அதனால் நடுப்பற்கள்தான் தேயும். ஓரப்பற்கள் புதுசாகவே இருக்கும். நடுவில் இருக்கிற ஆட்டத்தைப் போக்குகிறேன் என்று அழுத்தி டைட் பண்ணினால், ஓரத்தில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பினால் திரும்பி வராது. அது ஆட்டத்தைவிட ஆபத்து. "கொஞ்சம் பிளே இருக்கட்டும் சார். அம்பது வயசுக்கு மேல நமக்கும்தான் மூட்டு ஆடுது" என்றார் பாய்.

கிழிந்த ரப்பர் பூட்டுகளுக்குப் பதில் புதியவை போட்டார்கள். ராக்கை சேஸிஸோடு பிடித்து வைக்கும் இரண்டு ரப்பர் புஷ்களும் எஞ்சின் ஆயில் பட்டு ஊறி, இட்லிபோல உப்பியிருந்தன. நெடுஞ்சாலையில் வண்டி லேசாக அலைபாய்ந்ததற்கு அதுவும் காரணம். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு முன்னால் ராக்கே ஒரு துளி நகர்ந்துகொள்ளும். புது ரப்பர் வைத்து, அதை நன்றாக அழுத்தும்படி யு-போல்ட்டைப் பூட்டினார்கள்.

பூட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பலர் கோட்டை விடும் இடம் அதுதான். ராக்கின் பல்சக்கரத்தை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பி, அங்கிருந்து மறுபக்கக் கடைசிவரை எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். அதில் சரிபாதி திரும்பி வந்து நின்றால், அதுதான் ராக்கின் நடு. அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. அந்த நடு கலையாமல் ராக் சேஸிஸில் உட்கார வேண்டும். ஸ்டியரிங் வீலின் கம்பிகள் நேராக இருக்கும்படி வைத்துவிட்டுத்தான் தண்டை இணைக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு பக்கமும் டை ராட் எண்டைத் திருக வேண்டும், இந்தப் பக்கம் எத்தனை மரையோ அந்தப் பக்கமும் அத்தனை மரை.

நடு தவறினால்? கார் ஓடும். நேராகவும் ஓடும். ஸ்டியரிங் வீல் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அவசரக்காரர்கள் வீலைக் கழற்றி நேராக வைத்து மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளருக்கும் திருப்தி. ஆனால் ராக் உள்ளே ஒரு பக்கமாகத் தள்ளியே இருக்கும். இடப்பக்கம் 25 அடியில் திரும்புகிற வண்டி வலப்பக்கம் 30 அடி கேட்கும். இந்த வீல் கழற்றும் வேலையைப் போல ஒரு கண்துடைப்பு ஒர்க்‌ஷாப் உலகத்தில் வேறில்லை. பாயின் உதவியாளப் பையன், "பாய், பன்னெண்டு மரை இந்தப் பக்கம்... அங்க பதிமூணு வருது" என்றான். "மறுபடி எண்ணுடா" என்றார் பாய். மறுபடி எண்ணியதில் அதுவும் பன்னிரண்டுதான்.

வெண்கலக் கிண்ணத்துக்குள் தண்டைத் திருகும்போது, கடைசிவரை முடுக்கிவிட்டு, பிறகு கொஞ்சம் பின்வாங்கி வைத்தார். முழு ஸ்டியரிங் வளைக்கும்போது மரை முட்டக் கூடாது என்பதற்காக. கடைசியாக, ஆயில் கன்னில் 90-ம் நம்பர் எண்ணெய். புது ரப்பர் வளையத்தின் ஓரத்தில் பொன்னிறமாக ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும்வரை அடித்தார். எண்ணெய் போட்ட துளையில் நிப்பிளை விட்டுவைக்காமல் கழற்றிவிட்டு, சாதாரண ஸ்க்ரூவை மாட்டினார். நிப்பிள் இருந்தால் எவனாவது கிரீஸ் கன்னைக் கொண்டுவந்து வைப்பான் என்பது அவருடைய கணக்கு.

அடுத்தது அலைன்மென்ட். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு கடையில் ஏற்கெனவே விசாரித்திருந்தார் உரிமையாளர். அங்கிருந்த பையன் திரையில் கம்பெனிப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்டர்ட்னா என்ன சார் பிராண்ட்? லிஸ்ட்ல வரல. ஆல்ட்டோ அளவு வெச்சுரலாமா?" என்று கேட்டிருக்கிறான். இவர் காரை இழுத்துக்கொண்டு போகவில்லை.

பாயிடம் இருந்தது கோயில் திருவிழாவில் பந்தல் கட்டுகிற நைலான் நூல். நான்கு ஸ்டாண்டுகளை காரின் நான்கு மூலையிலும் வைத்து, இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடு உயரத்தில் நூலைக் கட்டினார்கள். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாகவும், காரின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்திலும் இருக்க வேண்டும். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. முன்சக்கரங்களுக்கு அடியில் கிரீஸ் தடவிய தகரத் துண்டுகள், இரண்டு இரண்டாக. சக்கரம் தரையைக் கடித்துக்கொள்ளாமல் லேசாகத் திரும்ப அது உதவும். முன்சீட் இரண்டிலும் ஆள் உட்கார வேண்டும். கார் காலியாக நிற்கும்போது சக்கரம் நிற்கிற கோணம் வேறு, ஆள் ஏறி அழுத்தும்போது வேறு. உரிமையாளர் ஒரு சீட்டில் அமர்ந்தார். மறு சீட்டுக்குப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரை அழைத்து உட்கார வைத்தார்கள். அவருக்கு என்ன நடக்கிறது என்று கடைசிவரை தெரியாது. ஆனால் மிகவும் பொறுப்பாக உட்கார்ந்திருந்தார்.

முன்சக்கரங்கள் இரண்டும் முன்னால் ஒரு நூலளவு நெருங்கி, பின்னால் ஒரு நூலளவு விலகி நிற்க வேண்டும். பெருவிரல்களைச் சற்றே உள்பக்கம் திருப்பி நிற்பதுபோல. டோ-இன் என்பது அதுதான். ஓடும்போது சாலையின் இழுவை இரண்டு சக்கரங்களையும் வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கிற இடம் அது. ஹெரால்டுக்கு வேண்டியது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதிகமானால் டயரின் ஓரம் ரம்பம்போலத் தேயும். எதிர்த்திசையில் போனால் வண்டி எந்தப் பக்கம் போவது என்று ஒவ்வொரு குழியிலும் யோசிக்கும். ரிம்மின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம், பின்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம். ஸ்டீல் ஸ்கேல், ஒரு கண்ணை மூடிய பார்வை. டை ராடில் கால் சுற்று. காரை முன்னால் உருட்டி, திரும்ப நிறுத்தி, திரும்ப அளவு. மூன்று முறை. லாக் நட்டை முடுக்கியதும் நான்காவது முறை, ஏனென்றால் முடுக்கும்போதே அளவு நழுவும்.

நூல்தான் உசத்தி, கம்ப்யூட்டர் மட்டம் என்று பாய் சொல்லவில்லை. "மிஷினு பொய் சொல்லாது சார். ஆனா என்ன அளவு வேணும்னு நாமதான் அதுக்குச் சொல்லணும். எண்ணு தெரிஞ்சவன் நூல்லயும் வெப்பான், மிஷின்லயும் வெப்பான்." பின்னொரு நாள் உரிமையாளர் அளவை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வேறொரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். திரையில் வந்த எண்ணுக்கும் நைலான் நூலுக்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

ஓட்டிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கே போவது என்பதில் பேச்சே எழவில்லை. பெருங்களத்தூர். அந்தக் கார் பிறந்த இடம். சுமார் 30 கிலோமீட்டர்.

ஐந்தரை மணிக்கு ஆதித்தனார் சாலையிலிருந்து புறப்பட்ட கார், அண்ணா சாலையில் ஏறியது. முதல் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் நடுங்கவில்லை. கத்திப்பாராவைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரே, சாலை காலியாக இருந்த ஓர் இடத்தில், பாய் சொன்னபடி உரிமையாளர் பிடியைத் தளர்த்தி விரல்களை மட்டும் வீலில் வைத்தார். கார் மெல்ல, மிக மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. அவருடைய முகம் சுருங்கியது.

"அது வண்டி இல்ல சார், ரோடு" என்றார் பாய். மழைத்தண்ணீர் வழிவதற்காக நம் சாலைகளை நடுவில் உயர்த்தி, ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். இடப்பக்கம் ஓட்டுகிற எந்த வண்டியும் விட்டால் இடப்பக்கம்தான் நழுவும். நடுத்திட்டை ஒட்டி, சமமான ஓரிடத்தில் மறுபடி விட்டுப் பார்த்தார்கள். இந்த முறை கார் கோடு கிழித்ததுபோலப் போனது. பிரேக் அழுத்தினாலும் ஒரு பக்கம் இழுக்கவில்லை.

பல்லாவரம், பிறகு தோல் தொழிற்சாலையின் பெயரால் ஊர்ப்பெயர் பெற்ற குரோம்பேட்டை, தாம்பரம். அங்கே ஒரு யு-டர்ன் எடுத்துக் காட்டச் சொன்னார் பாய். பழைய பயத்தில் உரிமையாளர் பாதி வளைத்து நிறுத்தினார். "முழுசா ஒடிங்க சார்." ஒடித்தார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஓட்டியதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஆட்டோ திரும்புகிற இடத்தில் கார் திரும்பியிருந்தது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தியதும் வீல் தானாக வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்து நின்றது. இரண்டு கம்பிகளும் நேராக.

பெருங்களத்தூரில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. 1985-ல் இங்கிலாந்து ரோவரின் உருவத்தை எடுத்து, பழைய எஞ்சினை வைத்து, ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். ஆடம்பர விலை, அதற்கேற்ற ஓட்டம் இல்லை. மக்கள் வாங்கவில்லை. 1988-ல் கார் தயாரிப்பு நின்றது. வான்கார்டு, ஹெரால்ட், கெஸல் என்று மெட்ராஸ் பெயரை நாடெங்கும் எடுத்துச் சென்ற இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. எந்தப் பலகையும் கிடையாது. சாலையோர டீக்கடையில் கார் நின்றதும், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் மட்டும் அருகில் வந்து பானெட்டைத் தடவிப் பார்த்தார். "இதோட பூட்டெல்லாம் நல்லா இருக்கா தம்பி?" என்று 72 வயதுக்காரரைக் கேட்டார். தான் யார், எங்கே வேலை பார்த்தவர் என்று எதுவும் சொல்லவில்லை. கார் கிளம்பும்வரை நின்றிருந்தார்.

திரும்பி அயனாவரம் வந்தபோது மணி ஒன்பது. தெருவுக்குள் நுழைந்து வீட்டு வாசலில் நின்று, மனைவியை அழைக்க ஹாரனை அழுத்தினார் உரிமையாளர். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். அப்போதும் இல்லை.

பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். ஸ்டியரிங் தண்டின் நடுவே அதிர்வைத் தாங்குவதற்காக ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. ஹாரனுக்கான எர்த் அந்தத் தண்டு வழியாகத்தான் போகிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது என்பதால், அதைத் தாண்டி ஒரு சின்ன செப்புக் கம்பிப் பட்டையை மாட்டி வைத்திருப்பார்கள். அது பட்டறை மேசையில், வேண்டாத ஸ்க்ரூக்களுக்கு நடுவே கிடக்கிறது. தற்காலிகமாக ஒரு துண்டு ஒயரை எடுத்து, பானெட்டைச் சாய்த்து, இரண்டு முனையையும் சுற்றிக் கட்டினார்.

ஹாரன் சத்தம் கேட்டு அந்த அம்மாள் வெளியே வந்தார். காரைப் பார்க்கவில்லை, நேராகப் பாயைப் பார்த்தார்.

"பாய், நீங்க சொல்லுங்க. ஒக்காரலாமா?"

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும்மா. நட்டெல்லாம் ஒரு தடவை திருப்பிப் பாத்துடறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுக்கணும். கிரீஸ் இல்ல, எண்ணெய். சார் மறந்தாலும் நீங்க மறக்காதீங்க."

அம்மாள் உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தார். ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைத் தேடிப் பிடித்து, பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் '90-ம் நம்பர்' என்று எழுதினார். பிறகு பாய்க்குக் காபி போட உள்ளே போனார்.